பிஆர்பி முதல் எக்ஸோசோம் வரை: முடி உதிர்வு, தழும்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை ஓபியில் பாதிப்பேர் போனை நீட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். திரையில் ஒரு விளம்பரம் ஓடும். "உங்கள் ரத்தத்திலிருந்தே புது முடி." "தழும்பே இல்லாத முகம், ஸ்டெம் செல் முறையில்." அப்புறம் அந்தக் கேள்வி: "இது நிஜமா டாக்டர்?" ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் தள்ள முடியாது. வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் இருப்பதை விளக்கவும் முடியாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் ஓபியில் காதில் விழுந்தவைதான்.

"ரீஜெனரேட்டிவ்" என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

காயம் ஆறவும், செல் பெருகவும், ரத்தக் குழாய் கிளைக்கவும் உடம்பிடம் ஏற்கெனவே சரக்கு இருக்கிறது. அதை எடுத்து, செறிவாக்கி, வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரத்தத்திலிருந்து எடுத்தால் பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த ரத்தநீர்), அதன் உறவுகளான பிஆர்எஃப், ஜிஎஃப்சி. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்தால் நானோஃபேட். தோலிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் செல் சிகிச்சை. செல்கள் வெளியே விடும் நுண்ணிய பைகளை மட்டும் பிரித்தெடுத்தால் எக்ஸோசோம்.

பெயர் எதுவானாலும் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: இது தூங்குவதை எழுப்பப் போகிறதா, இல்லாததை உண்டாக்கப் போகிறதா? முடி, தழும்பு விஷயத்தில் இன்று க்ளினிக்கில் காசு கொடுத்தால் கிடைப்பது எழுப்பும் வேலை. விளம்பரம் பேசுவதோ உண்டாக்கும் வேலையைப் பற்றி.

என் முடியின் வேர் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா?

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கையில் மயிர்க்கால் ஒரே நாளில் சாவதில்லை. பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆண்களிடம் டிஹெச்டி என்ற ஹார்மோன் பட்டுப் பட்டு மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்குகிறது. 2 முதல் 6 வருஷம் வளர வேண்டிய முடி சில மாதம் வளர்ந்துவிட்டு விழும். அடுத்தது அதைவிட மெல்லிசாக வரும். கடைசியில் மிஞ்சுவது பூனைமுடி.

2011-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சரெலிஸ் குழுவினர், ஒரே ஆளின் தலையில் வழுக்கை விழுந்த இடத்திலிருந்தும் முடியுள்ள இடத்திலிருந்தும் தோலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்கள், ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அவற்றிலிருந்து அடுத்த கட்டமாக வர வேண்டிய முன்னோடி செல்கள்தான் வழுக்கைப் பகுதியில் குறைந்துபோயிருந்தன. விதை இருக்கிறது, நாற்று வரவில்லை. பிஆர்பி மாதிரியான சிகிச்சைகளுக்கு நம்பிக்கை கொடுப்பது இந்த விஷயம்தான்.

உங்கள் தலையில் நிலவரம் என்ன என்பதை டெர்மாஸ்கோப் வைத்துப் பார்க்கலாம். சின்ன டார்ச் மாதிரி இருக்கும், தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு தடித்த முடிக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய முடி, அதற்கும் பக்கத்தில் நூலிழை மாதிரி ஒன்று என்று கலந்து தெரிந்தால், மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன, ஆனால் இருக்கின்றன. துளையே தெரியாமல் தோல் வழவழவென்று வெளுத்துப் பளபளத்தால் அது தழும்பு. லைக்கன் பிளேனோபைலாரிஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்ற நோய்கள் மயிர்க்காலை அழித்து அந்த இடத்தைத் தழும்பால் மூடிவிடும். அங்கே பிஆர்பி போடுவது தார் ரோட்டில் விதைப்பது மாதிரி. முதலில் நோயை அடக்க வேண்டும், மீதமுள்ள முடியைக் காப்பாற்ற வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமலே "ஆறு சிட்டிங்" என்று சீட்டு எழுதும் இடம் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிஆர்பியில் என்னதான் செய்கிறார்கள்?

டெங்கு சீசனில் வீட்டுக்கு வீடு எண்ணிக்கை கேட்பார்களே, அதே பிளேட்லெட்தான். (பப்பாளி இலைச் சாறு இந்தக் கதையில் வராது.) ரத்தக் கசிவை அடைப்பது அதற்கு ஒரு வேலை. இன்னொரு வேலை, அடிபட்ட இடத்தில் தன் உள்ளே வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுவது. பிடிஜிஎஃப், விஇஜிஎஃப் என்று ஒரு கூட்டமே உண்டு: செல்லைக் கூப்பிடும், ரத்தக் குழாயைக் கிளைக்க வைக்கும். இதை 1998-ல் தாடை எலும்பு ஒட்டுகளில் பயன்படுத்திப் பிரபலமாக்கியவர் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். தாடையிலிருந்து மூட்டுக்கும், அங்கிருந்து தலைக்கும் வந்து சேர்ந்தது.

செய்முறை இதுதான். கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் உள்ள குழாயில் பிடித்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவார்கள். சுற்றி நின்றதும் குழாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடியில் அடர் சிவப்பு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். இரண்டும் சேரும் இடத்தில் பால் ஆடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை ஒட்டித்தான் சரக்கு இருக்கிறது. மேல்நீரையும் கோட்டையும் உறிஞ்சி, பல இடங்களில் இன்னொரு முறை சுற்றி, மேலே நிற்கும் பிளேட்லெட் குறைந்த பகுதியை ஒதுக்கிவிடுவார்கள். மிஞ்சுவது சில மில்லிதான்.

சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் பிளேட்லெட் இருக்கும். பிஆர்பி என்று சொல்லிக்கொள்ள 10 லட்சம் அளவாவது வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைச் சின்ன ஊசியில் ஏற்றி, இடைவெளி விட்டுத் துளித்துளியாகத் தலையில் போடுவார்கள். வலிக்குமா? வலிக்கும். உச்சியைவிட நெற்றியோரம் அதிகமாக. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டால் தாங்கலாம். அன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், அதனால் முன்னும் பின்னும் சில நாள் தவிர்த்து, தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

சரி, வேலை செய்யுமா?

சிலருக்கு, ஓரளவுக்கு. மழுப்பல் இல்லை, ஆய்வுகளே அப்படித்தான் இருக்கின்றன. 2015-ல் இத்தாலியில் ஒரே தலையில் ஒரு பாதிக்கு பிஆர்பியும் மறு பாதிக்கு உப்புநீரும் மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பிஆர்பி போட்ட பக்கம் முடி கூடியது. 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெண்களுக்கு ஒரே ஒரு முறை போட்டார்கள். உப்புநீருக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. செய்யும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு: ஒருவர் ஒரு சுற்று சுற்றுகிறார், இன்னொருவர் இரண்டு. ஒருவர் வெள்ளணுக்களோடு சேர்த்து எடுக்கிறார், இன்னொருவர் விலக்குகிறார். எல்லாவற்றுக்கும் பெயர் பிஆர்பிதான். ஒவ்வொரு வீட்டு சாம்பாரும் சாம்பார் என்பது மாதிரி.

என் அனுபவத்தில், முடி மெலிய ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷமே ஆனவர்களுக்கு மாதம் ஒன்றாக மூன்று நான்கு முறை போட்டால் உதிர்வது குறைகிறது, இருக்கும் முடி கொஞ்சம் தடிக்கிறது. அப்புறமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர வேண்டியிருக்கும். பளிங்காகிப் போன உச்சியில் ஒன்றும் முளைக்காது.

விளம்பரத்தில் வரும் "முன் – பின்" படங்களைப் பார்க்கும்போது முடியைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். முன் படத்தில் மேலிருந்து டியூப்லைட், ஈரத்தலை. பின் படத்தில் பக்கவாட்டு வெளிச்சம், உலர்ந்து சீவிய தலை. ஊசியே இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் அந்த இரண்டு படத்தையும் நான் எடுத்துக் காட்டுவேன்.

ஜிஎஃப்சி, பிஆர்எஃப் இன்னும் நல்லது என்கிறார்களே?

ஒரே குடும்பம். பிஆர்எஃப்பில் உறைவுத் தடுப்பு சேர்க்காமல் மெதுவாகச் சுற்றுவார்கள், அதனால் கூழ் மாதிரி வரும். ஜிஎஃப்சியில் பிளேட்லெட்டை வெளியிலேயே தூண்டிவிட்டு, அது கொட்டிய நீரை மட்டும் எடுத்துப் போடுவார்கள். போடும்போது வலி கொஞ்சம் குறைவு, விலை கொஞ்சம் அதிகம். ஒன்று மற்றொன்றை அடித்துவிட்டது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

டெங்கு வந்து மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. பிஆர்பி போடலாமா?

வேண்டாம். பெருங்காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாகக் கொட்டும். அதிர்ச்சியில் நிறைய மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம். கொட்டும் அன்று அடியில் புது முடி கிளம்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், புரதம் சாப்பிடுங்கள், பொறுத்திருங்கள்.

எந்தச் சிகிச்சைக்கும் நல்ல பெயர் வாங்கித் தரும் நோயாளிகள் இவர்கள்தான். தானாக வளரப்போகும் முடிக்கு நான்கு ரசீது போட்டால், வளர்ந்ததும் ரசீதுக்குத்தான் புகழ்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா?

பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தால் போடுங்கள். கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, மயிர்க்கால் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதற்குச் சேதியே போகாது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தடவினால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

மருந்து என்றால் பக்கவிளைவு. ரத்தம் நம்முடையதுதானே, அதுவே நல்லதில்லையா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஆர்பி ஹார்மோனைத் தடுப்பதில்லை. அஸ்திவாரத்தில் நீர் கசிந்துகொண்டிருக்க, சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்த கதையாகிவிடும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் அதற்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் 1997-ல் வந்தது, டிஹெச்டி உற்பத்தியைக் குறைக்கும். முதல் சில வாரம் மினாக்சிடிலால் முடி கூடுதலாகக் கொட்டும், பயந்துபோய் நிறுத்துகிறவர்கள் ஏராளம். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கலாம், கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் தொடக்கூடாது. இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: இவை பல வருஷம், பல ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டவை, மாதச் செலவும் குறைவு. பிஆர்பி இவற்றோடு சேர்ந்து நடக்கத் தோதானது. இவற்றுக்குப் பதிலாக நிற்க அதற்குத் தெம்பு போதாது.

புழுவெட்டுக்கு?

எந்தப் புழுவும் வெட்டவில்லை, நம் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. சின்ன வட்டமாக இருந்தால் நிறையப் பேருக்குத் தானே வளர்ந்துவிடும், ஸ்டீராய்டு ஊசி வேகப்படுத்தும். தலை முழுக்கக் கொட்டியவர்களுக்கு, அந்தத் தாக்குதலை அடக்கும் ஜேஏகே தடுப்பு மாத்திரைகள் வந்திருக்கின்றன. 2022-ல் பாரிசிட்டினிப் முதலில் அமெரிக்க அனுமதி வாங்கியது. பிஆர்பி இங்கே கடைசி வரிசை.

டெர்மாரோலரை வீட்டிலேயே உருட்டிக்கொள்ளலாமா?

இந்த ரோலருக்குப் பின்னால் ஓர் உருப்படியான இந்திய ஆய்வு இருக்கிறது. மும்பையில் ரச்சிதா துராட் குழுவினர் 2013-ல் வெளியிட்டது. 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மினாக்சிடில் மட்டும், இன்னொரு பிரிவுக்கு மினாக்சிடிலோடு வாரம் ஒரு முறை 1.5 மில்லிமீட்டர் ஊசி ரோலர். 12 வாரத்தில், எண்ணிப் பார்த்த இடத்தில் முடி சராசரியாக முதல் பிரிவில் 22 கூடியது, இரண்டாவதில் 91. சின்னச் சின்னக் காயம் பட்டதும் மயிர்க்காலைச் சுற்றி ஆறும் வேலை ஆரம்பிக்கிறது, அது முடியையும் தூண்டுகிறது என்பது விளக்கம்.

ஆனால் அங்கே மருத்துவமனையில், சுத்தம் செய்த தலையில், சுத்தமான ரோலரால் செய்தார்கள். ஆன்லைனில் வாங்கி, பாத்ரூம் கப்பில் பிரஷ்ஷோடு போட்டு வைத்து, தம்பியும் அதையே உருட்டுவது வேறு விஷயம். சீழ்க்கொப்புளத்தோடு வருகிறார்கள்.

ஸ்டெம் செல்லால் முடி வளர்க்க முடியும் என்று ஒரு பேக்கேஜ் சொன்னார்கள்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், 26 வயது, வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் வேறொரு ஊர் க்ளினிக்கின் ரசீது: "ஸ்டெம் செல் தெரபி, 6 சிட்டிங்", பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "கையில ரத்தம் எடுத்து, ஒரு மெஷின்ல சுத்தி, தலையில போட்டாங்க சார்." அது பிஆர்பி. பிளேட்லெட்டுக்கு உட்கருவே கிடையாது, அது எந்தக் காலத்திலும் ஸ்டெம் செல் ஆகாது. பெயரை மாற்றினால் விலையையும் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத்தான்.

நிஜ ஸ்டெம் செல் என்றால், ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை மட்டும்தான் நிலைபெற்ற சிகிச்சை. மற்றவை எல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டும் நடக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐ தளத்தில், அந்த ஆய்வின் எண்ணைத் தேடலாம். எண் கேட்டால் முகம் மாறும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

விஞ்ஞானம் தூங்கவில்லை. 1999-ல் இங்கிலாந்தில் காலின் ஜஹோடா தன் தலையிலிருந்து மயிர்க்காலின் அடியுறைச் செல்களை எடுத்து, தன் மனைவியும் சக ஆய்வாளருமான அமண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். அங்கே புது முடி முளைத்தது. சோதித்தால் உள்ளே ஆணுக்குரிய ஒய் குரோமோசோம்! இல்லாத இடத்தில் மயிர்க்காலை உண்டாக்கிக் காட்டியது அது. அப்புறம் ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? லட்சக்கணக்கில் தேவைப்படும் இந்தச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தால், நான்கைந்து தலைமுறையில் "முடி செய்" என்று சொல்லும் திறமையை மறந்துவிடுகின்றன. 2013-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தலைகீழாகத் தொங்கும் துளிகளுக்குள் உருண்டையாக வளர்த்தபோது அந்த ஞாபகம் கொஞ்சம் திரும்பியது. எலிமேல் ஒட்டிய மனிதத் தோலில் முடி வந்தது. அங்கிருந்து, வேண்டிய திசையில், வேண்டிய நிறத்தில், வருஷக்கணக்கில் விழுந்து முளைக்கும் தலைமுடி வரைக்கும் போக வேண்டிய தூரம் இன்னும் மிச்சம்.

எக்ஸோசோம்?

30 முதல் 150 நானோமீட்டர். ஒரு முடியின் குறுக்கே சில நூறு வரிசையாக நிற்கும். செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசனை அழகானது, ஆராய்ச்சிக்குத் தகுதியானது. ஆனால் எந்தச் செல்லிலிருந்து எடுத்தார்கள், ஒரு பாட்டிலில் எத்தனை, எப்படிக் கிருமி நீக்கினார்கள் என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. 2019 டிசம்பரில், நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்த பிறகு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பொது எச்சரிக்கை விட்டது. அது அனுமதித்த எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை. அழகுசாதனமாக விற்கும் பாட்டில்கள் மேலே தடவுவதற்கானவை, அவற்றை ஊசியில் ஏற்றுவது விஷப்பரீட்சை. நான் போடுவதில்லை.

தழும்பு ஏன் வருகிறது? தோல் பழையபடி ஏன் வளர்வதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உடம்பு அவசரப்படுகிறது. காயம் திறந்தே கிடந்தால் கிருமி புகும், அதனால் கிடைத்த கொலாஜனை ஒரே திசையில் அடுக்கி அவசரமாக மூடுகிறது. நல்ல தோலில் கொலாஜன் கூடை பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தழும்பில் வைக்கோல் கட்டு மாதிரி ஒரே பக்கமாகக் கிடக்கும். ஒரு வருஷம் வரை உடம்பு அதைத் திருத்திக்கொண்டே இருக்கும், ஆனாலும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது. அந்த இடத்தில் மயிர்க்காலும் இருக்காது, வியர்வைச் சுரப்பியும் இருக்காது. புருவத்தில் தையல் போட்ட இடத்தில் முடி வராததன் காரணம் இதுதான். இந்தக் கட்டுரையில் வழுக்கையும் தழும்பும் சேர்ந்து வருவதும் இதனால்தான்.

எல்லா உயிருக்கும் இப்படி இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய 24 வாரம் வரை தோலில் வெட்டு விழுந்தால் தழும்பில்லாமல் ஆறும். ஆப்பிரிக்காவில் முள்ளெலி மாதிரி விறைத்த முடியுள்ள ஒரு சுண்டெலி வகை உண்டு. பிடித்தால் பல்லி வாலை விடுவது மாதிரி முதுகுத் தோலையே விட்டுவிட்டு ஓடும். பிறகு தோல் முடியோடு முளைக்கும், 2012-ல் இதை விவரமாக எழுதினார்கள். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் லாங்கேக்கர் குழுவினர், காயத்தில் தோல் இழுபடும் விசையை உணர்ந்துதான் சில செல்கள் தழும்பு போடும் வேலைக்கு மாறுகின்றன என்று கண்டுபிடித்து, 2021-ல் வெர்டிபோர்ஃபின் என்ற பழைய கண் மருந்தால் எலிகளில் அந்தச் சேதியைத் தடுத்தார்கள். தழும்புக்குப் பதில் மயிர்க்காலோடு தோல் வந்தது. எலிகளில், நினைவிருக்கட்டும்.

இதில் இன்றைக்கே உதவும் ஒரு விஷயம் உண்டு: காயத்தை இழுபட விடாதீர்கள். தையல் பிரித்த பிறகு சில வாரம் பேப்பர் பிளாஸ்திரி குறுக்காக ஒட்டி வைப்பதும், சிலிக்கான் ஷீட் போடுவதும், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் பின்னால் செய்யும் பல ஆயிரம் ரூபாய் வேலையைவிடப் பலன் தரும்.

முகத்தில் பருக்குழிகள். பிஆர்பி போட்டால் நிரம்புமா?

முதலில் அது குழிதானா என்று பார்க்க வேண்டும். பழுப்புக் கறை மட்டும் என்றால் அது தழும்பே இல்லை. சன்ஸ்கிரீனும் சில மாதமும் போதும். குழி என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கன்னத்தின் பக்கவாட்டில் பிடிப்பேன். நிழல் விழும் இடம்தான் குழி. பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பார்ப்பேன். அலை மாதிரி அகன்ற குழி இழுத்தால் மறைந்துவிடும். அடியில் நார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிட வேண்டும். சப்சிஷன் என்பார்கள். ஊசி குத்தியது மாதிரி ஆழமான ஓட்டை இழுத்தாலும் மறையாது. அதற்கு டிசிஏ அமிலத்தைக் குச்சி முனையில் தொட்டு வைப்பதோ, வெட்டி எடுப்பதோதான் வழி. இரண்டுக்கும் நடுவில், ஓரம் செங்குத்தாக இறங்கும் பெட்டிக் குழிகளுக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்துவது), லேசர்.

பிஆர்பி இங்கே துணை நடிகர். மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்தால் சிவப்பு சீக்கிரம் இறங்குகிறது, குழியும் சில ஆய்வுகளில் இன்னும் கொஞ்சம் மேடேறியது. தனியாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மாதம் ஒன்றாக நான்கு முதல் ஆறு முறை செய்த பிறகு பாதி குறைந்தாலே எனக்குத் திருப்தி, வாக்கும் அவ்வளவுதான் கொடுப்பேன். நம் மாநிறத்துக்கு ஒரு ஆபத்து உண்டு: லேசர் வேகம் கூடினால் குழி போய்க் கறை வரும். அந்தக் கறை போகப் பல மாதம் ஆகும். பரு இன்னும் வந்துகொண்டிருக்கிறதென்றால், முதலில் பருவை நிறுத்துங்கள்.

காது குத்திய இடத்தில் கட்டியாக வளர்ந்திருக்கிறது. அதற்கு?

அது கெலாய்டு. குத்தாதீர்கள், உருட்டாதீர்கள், பிஆர்பி போடாதீர்கள். தழும்பு போடும் வேலை நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. வெட்டி எடுத்து மட்டும் விட்டால் பலருக்கு முன்பைவிடப் பெரிதாக வரும். ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம் கொடுக்கும் கம்மல், சிலிக்கான், தேவைப்பட்டால் வெட்டிய உடனே கதிர்வீச்சு என்று வழிகள் உண்டு. நெஞ்சில், தோளில் ஏற்கெனவே கெலாய்டு இருந்தால், எந்த அழகு சிகிச்சைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

தீக்காயத் தழும்புக்குப் புதுத் தோல் வளர்க்க முடியுமா?

இந்தத் துறையில் "உண்டாக்கும்" வேலை நிஜமாகவே நடந்த இடம் இது. 1983-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் 5, 6 வயதுச் சகோதரர்கள் இருவருக்கு உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டது. ஒட்டுப் போட எடுக்கத் தோலே இல்லை. பாஸ்டனில் ஹோவர்ட் கிரீன் குழுவினர், அக்குளிலிருந்து சின்னத் துண்டு எடுத்து ஆய்வகத்தில் தாள் தாளாக வளர்த்து ஒட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். 2017-ல் வெளியான இன்னொரு சம்பவம்: தொட்டாலே உரியும் மரபணு நோயுள்ள 7 வயதுச் சிறுவனுக்கு, ஜெர்மனியில், இத்தாலியின் மிக்கேலே டி லூக்கா குழுவினர் மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலால் உடம்பின் 80 சதவீதத்தை மூடினார்கள்.

இவ்வளவு பெரிய சாதனையிலும் வளர்ந்தது மேல்தோல் மட்டும். அதில் முடியும் இல்லை, வியர்வையும் இல்லை. பழைய, இறுகிய தீக்காயத் தழும்புக்கு இப்போது எட்டும் தூரத்தில் இருப்பது இழுப்பை விடுவிக்கும் அறுவை, லேசர், தழும்புக்கு அடியில் சொந்தக் கொழுப்பைச் செலுத்துவது. கொழுப்பு போட்ட இடம் சிலருக்கு நன்றாகவே இளகுகிறது. தலையில் தீக்காயம் என்றால், தழும்பு மென்மையான பிறகு பின்னந்தலை முடியை எடுத்து நடலாம். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நட்டதில் ஒரு பகுதி பிடிக்காமல் போகும்.

யார் செய்துகொள்ளக் கூடாது? ஆபத்து உண்டா?

பிளேட்லெட் குறைவு, ரத்தம் உறையும் கோளாறு, சிகிச்சையில் உள்ள புற்றுநோய், தலையிலோ முகத்திலோ கிருமித்தொற்று, கர்ப்பம் இருந்தால் பிஆர்பி வேண்டாம். ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. புருவ நடுவில், கண்ணைச் சுற்றி ஊசி ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோனதாக அரிதாக அறிக்கைகள் உண்டு.

ரத்தத்தைக் கையாளும் விதத்தில்தான் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் "வாம்பயர் ஃபேஷியல்" (முகத்தில் மைக்ரோநீட்லிங்கோடு பிஆர்பி) செய்துகொண்டவர்களுக்கு ஹெச்ஐவி வந்ததை 2018-லிருந்து விசாரித்து, 2024-ல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி அறிக்கை வெளியிட்டது. அந்த ஸ்பாவின் சமையலறை மேடையில் பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள், ஃபிரிஜ்ஜில் சாப்பாட்டோடு ஊசி மருந்துகள். ஆகவே குழாயில் உங்கள் பெயரை எடுத்த கையோடு உங்கள் கண் முன்னே எழுதச் சொல்லுங்கள். ஊசி, குழாய், மைக்ரோநீட்லிங் முனை மூன்றும் சீல் உடைத்துத் திறக்கப்பட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேருடைய குழாய் ஒரே மெஷினில் சுற்றுகிறது என்றால், உங்களுடையது எது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தை மாசம் கல்யாணம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, என்ன செய்யலாம்?

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இன்று ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் உதிர்வது குறையலாம், போட்டோவில் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாத சிகிச்சை இது. மினாக்சிடிலைப் புதிதாக ஆரம்பித்தால் முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு முறை கொட்டித் தீர்க்கும், வீட்டில் கலவரம்தான். பரவாயில்லை என்றால் இன்றே ஆரம்பியுங்கள், இல்லையென்றால் மறுவீடு முடிந்து வாருங்கள். பருக்குழிக்கு இரண்டு முறை மைக்ரோநீட்லிங் செய்ய நேரம் இருக்கிறது, கடைசி முறைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு மாதமாவது விடுங்கள். லேசரைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு முடி நார்த்தூள் என்று ஒன்று விற்கிறது, இருக்கும் முடியோடு ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும். அன்றைக்கு ஒரு நாளைக்கு அது போதும். மழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.